எழுதப்படாத பெயரும் பொய்க் கோரிக்கையும்

(புதுச்சேரி முத்தியால்பேட்டையில், சிறுதொழில் நடத்தும் தோழர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று பேசுவதற்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "பொய்யான விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளிலிருந்து சிறுதொழிலைப் பாதுகாப்பது எப்படி?" என்பது. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு தொழிற்சங்கத் தோழர் போன் செய்தார். "என்ன தோழர், முதலாளி சங்கத்தில் சேர்ந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் அது. என் பதிலை இந்தப் பேச்சின் முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு ஒரு சின்ன பிரஸ் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், ஸ்வீட் பாக்ஸ் அட்டை, இவைதான் வேலை. ஏழு பேர் வேலை செய்கிறார்கள். என் அப்பா ஒரு மர அறுவை மில்லில் மரம் ஏற்றி இறக்கும் கூலி. சேரியிலிருந்து போனவர். மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி வேலைக்கு அவரை எடுக்கவில்லை. ஆனால் மேஸ்திரி வராத நாளில் ரம்பத்துக்கு மரம் தள்ள அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு நாளில் இடது கையில் மூன்று விரல்கள் போயின.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் மில்காரர் சொன்னாராம்: "எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்டா, வீட்டுல விறகு வெட்டும்போதுன்னு சொல்லு. செலவை நான் பார்த்துக்கறேன்." அப்பாவும் அப்படியே சொன்னார். சீட்டில் அப்படியே எழுதினார்கள். செலவுக்கு இரண்டு மாதம் பணம் வந்தது. மூன்றாவது மாதம் நின்றது. சங்கத்துக்காரர் ஒருவர் துணையோடு இழப்பீடு கேட்டுப் போனபோது மில் தரப்பில் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, எங்கள் பதிவேட்டில் இப்படி ஒரு ஆளே இல்லை. இரண்டு, மருத்துவமனைச் சீட்டைப் பாருங்கள், வீட்டில் வெட்டிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார், இது பொய்க் கோரிக்கை.

ஆக, தோழர்களே, நான் ஒரு "மோசடிப் பேர்வழி"யின் மகன். அந்தச் சீட்டை என் அம்மா டிரங்குப் பெட்டியில் இன்றைக்கும் வைத்திருக்கிறார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு என் பிரஸ்ஸில் ஒரு விபத்து நடந்தது. டை பஞ்சிங் மெஷினில் அட்டை வைத்துக்கொண்டிருந்த 25 வயதுத் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. அந்த மெஷினில் ஒரு சேஃப்டி பார் உண்டு. கை உள்ளே இருந்தால் மெஷின் நின்றுவிடும். ஆனால் அது அடிக்கடி நின்று வேலை தாமதமாகிறது என்று அந்தப் பாரைக் கம்பியால் கட்டிவைத்திருந்தோம். "வைத்திருந்தோம்" என்று சொல்வது தப்பு. கட்டியது நான்தான்.

ஆட்டோவில் போகும்போது அந்தத் தம்பி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அண்ணா, டாக்டர் கேட்டா என்ன சொல்றது?" என்றார். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "பைக்குல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடுப்பா. செலவை நான் பார்த்துக்கறேன்."

எங்கப்பாவுக்கு மில்காரர் சொன்ன அதே வார்த்தை. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த வார்த்தை தானாக வருகிறது. மேடையில் அம்பேத்கரையும் பெரியாரையும் பேசுகிற வாயிலும் வருகிறது.

ஆறு மாதம் கழித்து இழப்பீட்டு ஆணையரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. ஒன்றல்ல, இரண்டு மனுக்கள். முதல் மனு அந்தத் தம்பியுடையது. வலது கை முழுவதும் செயலிழந்துவிட்டது, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று போட்டு, 11 லட்சத்து 71 ஆயிரம் கேட்டிருந்தார்கள். சிகிச்சை கொடுக்காத ஒரு டாக்டரின் ஊனச் சான்றிதழ் இணைத்திருந்தது. இரண்டாவது மனு, அதே விபத்தில் தோள்பட்டை அடிபட்டதாக இன்னொருவர் போட்டது. அவரை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

இடையில் ஒரு புரோக்கர். அவரே ஒரு நாள் பிரஸ்ஸுக்கு வந்தார். "சார், கேஸெல்லாம் எதுக்கு? ரெண்டுக்கும் சேர்த்து ஆறு லட்சம் கொடுத்துடுங்க. நான் பேசி முடிச்சுடறேன்" என்றார். எனக்கு எப்படிக் கோபம் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கோபத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். "இவனுங்களுக்கு வேலை கொடுத்ததே தப்பு" என்று நினைத்தேன். "இவனுங்க" யார்? என் தெருப் பிள்ளைகள். நான் எந்தச் சேரியிலிருந்து வந்தேனோ அங்கிருந்து வந்தவர்கள்.

வழக்கறிஞரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இரண்டாவது ஆள் உங்களிடம் வேலை செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள்? வருகைப் பதிவேடு இருக்கிறதா? சம்பளப் பதிவேடு இருக்கிறதா?" இரண்டுமே இல்லை. சனிக்கிழமை மாலை கையில் பணம் கொடுப்பேன், அவ்வளவுதான். வேலை செய்ததை நிரூபிக்க வேண்டியது மனுதாரர்தான் என்பது உண்மை. ஆனால், பதிவேட்டைக் கொண்டு வா என்று சொன்னால் கொண்டுபோக என்னிடம் எதுவும் இல்லை. வைக்க வேண்டிய பதிவேட்டை வைக்காதவன் பேச்சை யார் நம்புவார்கள்?

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நான் இன்று சொல்ல வந்ததே அதுதான். என் ஆள் யார் என்று காட்டும் தாள் என்னிடம் இல்லை. அதனால், என் ஆள் அல்லாதவர் யார் என்று காட்டும் தாளும் என்னிடம் இல்லை. நாளைக்கு ஒருவன் கேட்டால் "நீ என் ஆளே இல்லை" என்று சொல்வதற்கு வசதியாகத்தான் முதலாளிகள் பெயரை எழுதாமல் விடுகிறார்கள். அந்த வசதியே மோசடிக்காரனுக்குத் திறந்துவிட்ட வாசல்.

வழக்கறிஞர் அடுத்து, விபத்தன்று மருத்துவமனையில் எழுதிய ஏ.ஆர். நகலை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பைக்கிலிருந்து விழுந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை வைத்தே முதல் மனுவை உடைத்துவிடலாம். முடியாவிட்டால், சேஃப்டி பாரை அவரே வேண்டுமென்று கழற்றினார் என்று சொல்லலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது" என்றார்.

சட்டத்தில் இடம் இருப்பது உண்மை. குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினாலோ இழப்பீடு கிடையாது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் மட்டும் இந்த விலக்கு செல்லாது. இரண்டு விரல் போனதற்குச் செல்லும். நான் ஒரு பொய்யைச் சொன்னால் போதும், என் பணம் மிச்சம்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் டிரங்குப் பெட்டிச் சாவியை வாங்கி அந்தப் பழைய சீட்டை எடுத்து, என் கையில் இருந்த ஏ.ஆர். நகலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த வாய்தாவில் நான் உண்மையைச் சொன்னேன். விபத்து என் பிரஸ்ஸில்தான் நடந்தது. பாரைக் கட்டியது நான். பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னதும் நான். ஆனால் போனது இரண்டு விரல்கள், முழுக் கை அல்ல. அவர் சம்பளம் தினம் 500 ரூபாய், மாதம் 13,000. இன்னொரு மனுதாரரை எனக்குத் தெரியாது. நான் சொல்லி முடித்த பிறகு அந்தத் தம்பியும் சொன்னார்: "ஆமாம், அன்னிக்கு மெஷின்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன். அந்தச் சான்றிதழ் எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எங்கெங்கேயோ கையெழுத்து வாங்கினாங்க." அந்த இரண்டாவது மனுதாரர் அதன்பிறகு இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. மனு தள்ளுபடியானது.

முதல் மனுவில் கணக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நிரந்தர முழு ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, வயதுக்கேற்ப அட்டவணையில் இருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். 25 வயதுக்கு அந்த எண் 216.91. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 2020 ஜனவரியில் அப்படி உயர்த்தினார்கள், அதற்கு முன்பு 8,000தான். பகுதி ஊனம் என்றால் அந்தத் தொகையில் எத்தனை சதவீதம் என்று அட்டவணை சொல்கிறது. கட்டை விரல் போனால் 30, ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று விரல் போனால் 30, கை முழுவதும் போனால் 60. ஆக 13,000-இல் 60 சதவீதம் 7,800. அதை 216.91-ஆல் பெருக்கினால் 16,91,898. அதில் 20 சதவீதம் 3,38,380 ரூபாய். ஒரு வருடத் தாமதத்துக்கு 12 சதவீத வட்டி 40,606 ரூபாய். அதோடு மருத்துவச் செலவும் முதலாளியுடையது. ஒப்பந்தத்தை ஆணையர் முன்னிலையில் பதிவு செய்தோம். இன்ஷூரன்ஸ் இல்லை. மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினேன்.

நான் தியாகம் செய்ததாகச் சொல்லவில்லை. அது நான் கட்ட வேண்டிய பணம். ஒரு வருடத்துக்கு முன்பே கட்டியிருக்க வேண்டிய பணம். ஆட்டோவில் நான் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் புரோக்கருக்கு வேலையே இருந்திருக்காது. தொழிலாளியை உண்மை பேசவிடாத இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறான்.

சரி, பொய்க் கோரிக்கை என்பதே முதலாளிகள் கட்டிய கதையா? இல்லை. அப்படிச் சொல்வதும் நேர்மை அல்ல. உத்தரப் பிரதேசத்தில் மோட்டார் வாகன விபத்துச் சட்டத்திலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் போலி வழக்குகள் குவிகின்றன என்று, 2015 அக்டோபர் 7 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. பிறகு சஃபீக் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கையில் எடுத்தது. 2021-இல் அந்தக் குழு சொன்ன கணக்குப்படி, சந்தேகத்துக்குரியவை என்று வந்தவை 1,376. அதற்குள் பதிவான குற்ற வழக்குகள் 92. குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் யார்? மனுதாரர்கள் மட்டுமல்ல. வழக்கறிஞர்கள், போலீஸ்காரர்கள், டாக்டர்கள், இன்ஷூரன்ஸ் ஊழியர்கள், வண்டி உரிமையாளர்கள். அந்த ஆண்டு 28 வழக்கறிஞர்களை இந்திய பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். சான்றிதழ் எழுதுபவர், எஃப்.ஐ.ஆர். எழுதுபவர், மனு எழுதுபவர். எழுத்து யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சேராமல் இந்த மோசடி நடக்காது. ஆனால் மோசடி என்ற சொல் வந்தவுடன் நம் மனதில் வரும் முகம் யாருடையது? கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் கூலிக்காரனுடைய முகம். அந்த முகத்தை நம் மனதில் வைத்தது சாதி.

சாதிக்கும் விபத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எந்த மெஷினுக்குப் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. பம்பாய் ஆலைகளில் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரை விடவில்லை. நூல் அறுந்தால் வாயால் ஈரப்படுத்த வேண்டும், அது தீட்டு என்றார்கள். 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அண்ணல் அம்பேத்கர் இதைப் பிரச்சினையாக எழுப்பினார். 1938-இல் மன்மாட்டில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பேசும்போது, உழைப்பவர்களுக்குப் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டு பகைவர்கள் என்றார். ஒன்றை மட்டும் எதிர்த்தால் போதாது என்பதற்கு என் பிரஸ்ஸே சாட்சி. முதலாளி சேரியிலிருந்து வந்தவன்தான். ஆனாலும் ஆட்டோவில் அந்த வார்த்தை வந்தது.

இன்னும் கொடுமையானது கழிவுநீர்த் தொட்டி. அதில் இறங்கிச் செத்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒப்பந்தக்காரர் சொல்வது ஒன்றுதான்: "அவரை நான் இறங்கச் சொல்லவில்லை. அவராகவே இறங்கினார். அவர் என் ஆள் இல்லை." இழப்பீடு கேட்கும் மனைவி பொய்க் கோரிக்கைக்காரி ஆகிவிடுகிறார். 2014-இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் முதலில் அவர் உன் ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளில் அவர் பெயர் இருப்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003-இல் வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்துபோனார். ஆலைக்கு வெளியே நடந்தது, எனவே இழப்பீடு இல்லை என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலை 28 அன்றுதான் குடும்பத்துக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. 22 ஆண்டுகள். ஆலைக்கு வெளியே நடந்த விபத்து என்பதற்காகவே ஒரு கோரிக்கை பொய்யாகிவிடாது.

இழப்பீட்டை நாம் தருமம் என்று நினைக்கிறோம். அங்கேதான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. தருமம் கொடுப்பவனுக்குத்தான், வாங்குபவன் ஏமாற்றுகிறானோ என்ற சந்தேகம் வரும். இது தருமம் இல்லை. பிரிட்டனில் 1897-லும் பிரான்சில் 1898-லும் இந்தச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1923-இல் இயற்றி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். இதன் அடிப்படை ஒன்றுதான்: மெஷினில் லாபம் எடுப்பவன் மெஷினின் ஆபத்தையும் சுமக்க வேண்டும். யார் தப்பு என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. அதற்கு ஈடாக, முதலாளி கொடுக்க வேண்டிய தொகைக்கு ஒரு கணக்கு, ஒரு வரம்பு. இது இரண்டு பக்கத்துக்குமான ஏற்பாடு.

நாம் உட்கார்ந்திருக்கும் ஊர் நெசவாளர் ஊர். உரிமை எப்படி வரும் என்று இந்த நகரத்துக்குத் தெரியும். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்கான ஆணை வந்தது. கெஞ்சி வாங்கியது அல்ல. அந்த வரிசையில் வைத்துத்தான் இழப்பீட்டையும் பார்க்க வேண்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். சிறுதொழில் நடத்தும் தோழர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பெயரை எழுதுங்கள். ஒரு நாள் வந்தாலும் எழுதுங்கள். கூட்டிப் பெருக்கும் அம்மா பெயரையும், வண்டியில் சரக்கு ஏற்றும் தம்பி பெயரையும் எழுதுங்கள். சம்பளத்தை வங்கியிலோ ஜி-பேயிலோ போடுங்கள். ரொக்கம் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். பெயர், தேதி, தொகை மூன்றும் இருந்தால், பார்த்தே இராத ஒருவர் உங்கள் மேல் மனுப் போட முடியாது.

இரண்டாவது, 10 பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. கட்டுங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளி வேலை விபத்துக்காக உங்களிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. 1948 சட்டத்தின் 53-ஆம் பிரிவு அதைத் தடுத்தது. ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவ வாரியம் முடிவு செய்யும், பணத்தைக் கழகம் கொடுக்கும். பொய்க் கோரிக்கைக்கு எதிராக இதைவிடப் பெரிய கவசம் முதலாளிக்கு இல்லை. ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஒன்பது பேர் பெயரை எழுதிவிட்டுப் பத்தாவது ஆளை எழுதாமல் விடுகிறார்கள். அந்தப் பத்தாவது ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பாருங்கள், சாதி தெரியும். கையை இழப்பதும் பெரும்பாலும் அவர்தான்.

மூன்றாவது, 10 பேருக்குக் குறைவு என்றால் தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் எடுங்கள். பிரீமியம் மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். பிரீமியம் குறையட்டும் என்று ஆளைக் குறைத்துக் காட்டாதீர்கள், விபத்தன்று மாட்டிக்கொள்வீர்கள். ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் காரணமின்றி இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம் உண்டு. அந்த அபராதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டாது, உங்கள் தலையில்தான் விழும்.

நான்காவது, விபத்தன்றே எழுதுங்கள். என்ன நேரம், எந்த மெஷின், யார் பார்த்தார்கள், எந்த விரல். போட்டோ எடுங்கள். மருத்துவமனைக்கு நீங்களே கூடப் போங்கள். "வேலை செய்யும்போது நடந்தது" என்று நீங்களே சொல்லுங்கள். ஏ.ஆர். நகல் வாங்குங்கள், தொழிலாளிக்கும் ஒன்று கொடுங்கள். முதல் நாளில் எழுதிய உண்மையை ஆறு மாதம் கழித்து எந்தப் புரோக்கராலும் ஊதிப் பெரிதாக்க முடியாது. இரண்டு விரல் என்று எழுதியிருந்தால் இரண்டு விரல்தான். முதல் நாளில் பொய்யை எழுதவைத்தால், பிறகு உங்கள் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஐந்தாவது, சந்தேகம் வந்தால் அதற்கு முறை இருக்கிறது. விபத்து பற்றித் தகவல் வந்த மூன்று நாளுக்குள், உங்கள் செலவில் தகுதியான டாக்டரிடம் பரிசோதிக்கலாம் என்று முதலாளி சொல்லலாம். தொழிலாளி அதை ஏற்க வேண்டும், மறுத்தால் அவர் உரிமை அதுவரை நிற்கும். 1923 சட்டத்தின் 11-ஆம் பிரிவாக இருந்தது இது. சிகிச்சை கொடுத்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேளுங்கள். சிகிச்சை கொடுக்காத டாக்டரின் சான்றிதழ் என்றால் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகத்தைத் தாளில் கேளுங்கள். தெருவைச் சொல்லி, சாதியைச் சொல்லிக் கேட்காதீர்கள்.

ஆறாவது, புரோக்கரிடம் பேசி முடிக்காதீர்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வைக்காதீர்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் சட்டப்படி அது செல்லாது. நிரந்தர ஊனத்துக்கு ஒப்பந்தம் செய்தால் ஆணையரிடம் பதிவு செய்யுங்கள். மரணம் என்றால் தொகையை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், வீட்டில் போய்க் கொடுத்தது கணக்கில் வராது.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. பழைய இழப்பீட்டுச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் அதற்குள் போய்விட்டன. எனக்கு நடந்தது பழைய சட்டத்தில். அந்தத் தொகுப்புச் சட்டங்கள் மேல் தொழிற்சங்கங்களுக்கு இருக்கும் எதிர்ப்பு எனக்கும் உண்டு. ஆனால் பிரிவு எண் மாறினாலும், பெயர் எழுதாதவனுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது மாறாது.

கடைசியாக ஒன்று. சேஃப்டி பாரை அவிழ்த்துவிடுங்கள். மெஷின் நின்று நின்று ஓடட்டும். நடக்காத விபத்துக்கு யாரும் எளிதில் கோரிக்கை போட முடியாது.

அந்தத் தம்பி இப்போது என்னிடம் வேலை செய்யவில்லை. வேறு கடைக்குப் போய்விட்டார். எங்காவது எதிரில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். நான் எதிர்பார்ப்பதற்கும் எனக்கு உரிமை இல்லை.

நம் பிள்ளைகள் தொழில் தொடங்க வேண்டும் என்று நாம் பேசுகிறோம். பேச வேண்டும். ஆனால் சேரியிலிருந்து ஒருவன் முதலாளி ஆவதால் மட்டும் சாதி ஒழிந்துவிடாது. அவன் பதிவேட்டில் பத்தாவது ஆளின் பெயர் இருக்கிறதா என்பதில்தான் அது தெரியும். எங்கப்பாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நாளைக் காலையில் கடையைத் திறந்ததும் ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். தொழிற்சங்கத் தோழர்களே, அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் எந்தச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன் என்று அதைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.